ஜூலை 16 காசிராமன் தெரு: பள்ளிக்கூடத்துல செத்தவங்கள யாரு ஞாபகம் வச்சுக்கறது

ஒவ்வொரு வருஷமும் ஜூலை 16 வந்தா கும்பகோணம் காசிராமன் தெருவுல ஒரு பெரிய ஃபிளெக்ஸ் கட்டுவாங்க. அதுல பள்ளிக்கூடத் தீ விபத்துல செத்த 94 குழந்தைங்க போட்டோ. பெத்தவங்க வந்து பூ போட்டு மெழுகுவத்தி ஏத்தி, சில பேர் பிள்ளைக்குப் புடிச்ச தின்பண்டத்தையும் கொண்டுவந்து வச்சுட்டு நிப்பாங்க. சாயங்காலம் அகல் விளக்கோட ஊர்வலமாப் போயி மகாமகக் குளத்துல மோட்ச தீபம் ஏத்துவாங்க. மறுநாள் பேப்பர்ல உள்பக்கத்துல ஒரு போட்டோவோட நியூஸ் வரும், டிவில ரெண்டு நிமிஷம் காட்டுவாங்க, அவ்ளோதான்.

2004-ல நடந்ததுன்றதால இன்னைக்கு காலேஜ் படிக்கற பசங்களுக்கு இது தெரிய வாய்ப்பில்ல, அவங்கள்ல முக்காவாசிப் பேரு அப்ப பொறக்கவே இல்ல. அதனால சுருக்கமா சொல்லிடறேன். ஸ்ரீ கிருஷ்ணா உதவிபெறும் தனியார் பள்ளி, அதே கட்டடத்துல இன்னும் ரெண்டு பள்ளிக்கூடம், ஆக ஒரே வளாகத்துக்குள்ள மூணு. ஜூலை 16 வெள்ளிக்கிழமை காலையில சத்துணவு சமையக்கட்டுல புடிச்ச தீ கூரைக்குத் தாவி, அங்கேர்ந்து மாடியில இருந்த கீத்துக் கொட்டகை வகுப்புக்குப் போயிடுச்சு. உள்ள இருந்தது எல்லாம் ஆரம்பப் பள்ளிப் புள்ளைங்க. படிக்கட்டோ குறுகல். எரியற கீத்தும் மூங்கிலும் மேல விழுந்துச்சு. 94 குழந்தைங்க போயிட்டாங்க, 18 பேருக்குக் காயம். அன்னைக்கு இருந்த வயசுக்கு இன்னைக்குக் கணக்குப் போட்டா அவங்கள்ல பல பேரு முப்பதை ஒட்டி இருப்பாங்க, கல்யாணம் ஆகி அவங்க புள்ளைங்களே எல்கேஜி போற வயசு.

நான் இந்தத் தீ விபத்தப் பத்தி எழுத வரல, அதப் பத்தி நெறைய எழுதியாச்சு. எனக்கு இருக்கற கேள்வி வேற. ஒரு பள்ளிக்கூடத்துல படிச்ச பிள்ளையோ சொல்லிக்குடுத்த வாத்தியாரோ செத்துட்டா அவங்கள நினைவுல வச்சுக்க வேண்டியது யாரு? வீட்டுக்காரங்க வச்சுப்பாங்க, அது சரி. ஆனா அந்தப் பள்ளிக்கூடம்? அதுக்குன்னு தனியா ஒரு ஞாபகம் இருக்கா என்ன?

இங்கதான் ஒரு விஷயத்தக் கவனிக்கணும். பள்ளிக்கூடம்ன்றது டவுன் பஸ் மாதிரி. வண்டி அதேதான், ரூட் அதேதான், உள்ள இருக்கற ஆளுங்க மட்டும் ஸ்டாப்புக்கு ஸ்டாப் மாறிக்கிட்டே இருப்பாங்க. ஒரு ஆறாங்கிளாஸ் பையன் இறந்தான்னு வைங்க, அவன்கூட உக்காந்தவங்க எல்லாம் ஆறு ஏழு வருஷத்துல பிளஸ் டூ முடிச்சுட்டுப் போயிடுவாங்க, வாத்தியாருங்க டிரான்ஸ்ஃபர் ஆயிடுவாங்க, எச்.எம். ரிட்டயர் ஆயிடுவாரு, கடைசியில அந்தப் பையன் முகத்தப் பாத்த ஒரு ஆளும் அந்தக் கட்டடத்துல இருக்க மாட்டாங்க, வாட்ச்மேன் ஒருத்தர் வேணா இருக்கலாம். வீட்டுல அப்படி இல்ல, வீட்டுல ஆளு மாற மாட்டாங்க. அதனால வீட்டு ஞாபகம் மனசுல நின்னா போதும், பள்ளிக்கூட ஞாபகத்துக்கு ஏதாவது ஒரு பொருளோ ஒரு தேதியோ தேவைப்படுது, ஆளு மாறினாலும் அது மாறாம திரும்பத் திரும்ப வரணும்.

நம்ம ஊருல அதுக்கு என்னென்ன இருக்குன்னு பாத்தா பெருசா ஒண்ணும் இல்லைன்னுதான் சொல்லணும். செய்தி வந்த மறுநாள் காலையில பிரேயர்ல ரெண்டு நிமிஷம் மௌனம் (பசங்க ஒருத்தன் சிரிச்சுடுவான், அவனப் பாத்து இன்னொருத்தன், அது சோகம் இல்லாம இல்ல, அந்த வயசுக்கு மௌனம் தாங்காது), அன்னைக்கு அரை நாள் லீவு, கேட்டுல ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். போஸ்டருக்குன்னு தனி போட்டோ இருக்காது, அட்மிஷன் ஃபாரத்துல ஒட்டின பாஸ்போர்ட் சைஸ் போட்டோவையே பெருசாக்கிப் போடுவாங்க, புள்ளி புள்ளியாத் தெரியும். வாத்தியார் இறந்தா கொஞ்சம் கூடுதல் மரியாத, அவர் பேருல பத்தாவதுல கணக்குல முதல் மார்க் வாங்கறவங்களுக்கு ஒரு பரிசுன்னு குடும்பத்துக்காரங்க பேங்க்ல பணம் போட்டு வைப்பாங்க. இருபது வருஷம் முன்னாடி போட்ட பணத்தோட வட்டி இன்னைக்கு ஒரு ஜாமென்ட்ரி பாக்ஸுக்குக் கூட பத்தாது, இருந்தாலும் ஆண்டுவிழாவுல அந்தப் பேர ஒரு தடவ மைக்குல வாசிப்பாங்க பாருங்க, அதுதான் விஷயமே. அப்புறம் ஃபேன்ல, குடிதண்ணி டேங்க்ல, மேடையில எல்லாம் "இன்னார் நினைவாக, உபயம் இன்னார்"னு பெயின்ட்ல எழுதியிருக்கும். கிண்டல் பண்ணுவோம், டியூப்லைட்டுல வெளிச்சத்த விட பேருதான் பெருசா இருக்குன்னு. ஆனா யோசிச்சா, ஆளு மாறிக்கிட்டே இருக்கற எடத்துல ஒரு பேர நிறுத்தி வைக்க நம்ம ஆளுங்க கண்டுபிடிச்ச வழி அது.

என் கிளாஸ்ல நடந்த ஒண்ண சொல்றேன். எட்டாவதுல ரோல் நம்பர் 17 பையன் காய்ச்சல்ல இறந்துட்டான். சார் அட்டெண்டன்ஸ்ல அவன் பேர செவப்பு மையில அடிச்சுட்டாரு, ஆனா நம்பரை மாத்தி எழுதல, வருஷக் கடைசி வரைக்கும் 16க்கு அப்புறம் 18தான். மொத ரெண்டு வாரம் அந்த எடத்துல சார் குரல் ஒரு நொடி நிக்கும், எல்லாரும் தலையக் குனிஞ்சுப்போம், அப்புறம் பழகிடுச்சு. நான் 18. என் நம்பர் எப்ப வரும்னு நான் 17க்காகத்தான் காத்துட்டு இருந்து பழகியிருந்தேன், அதனால அந்த வருஷம் முழுக்க "பிரசன்ட் சார்" சொல்றதுல கொஞ்சம் லேட்டு, திட்டு கூட வாங்கியிருக்கேன். அடுத்த வருஷம் புது ரிஜிஸ்டர், புது நம்பர், நான் 17 ஆயிட்டேன். அதுக்கப்புறம் அந்தப் பள்ளிக்கூடத்துல அவன் இருந்ததுக்கு எந்தத் தடயமும் இல்ல. இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு எங்க பேட்ச் கெட் டு கெதர் வச்சப்ப குத்துவிளக்கு பக்கத்துல, இறந்துபோன நாலு பேர் போட்டோ வைக்கலாம்னு முடிவு பண்ணோம், மூணு போட்டோ ஃபேஸ்புக்லயே கெடச்சுது, அவனோடது மட்டும் எங்கயும் இல்ல. பேரை ஒரு அட்டையில எழுதி வச்சோம்.

சரி கும்பகோணத்துக்கு வருவோம். மேல சொன்னது எல்லாமே பள்ளிக்கூடம்னு ஒண்ணு தொடர்ந்து நடந்தாத்தான். இங்க பள்ளிக்கூடத்து மேலயே கேஸு. அங்கீகாரத்த ரத்து பண்ணிட்டாங்க, தப்பிச்ச பிள்ளைங்கள வேற பள்ளிகளுக்கு மாத்தினாங்க. ஆக மௌனம் கடைப்பிடிக்க அசெம்பிளி இல்ல, பேரு வாசிக்க ஆண்டுவிழா இல்ல, அந்த பேட்ச்சுக்கு கெட் டு கெதர் வைக்கறதப் பத்தியெல்லாம் பேசவே முடியாது. சாதாரணமா ஒரு பிள்ளை இறந்தா குடும்பம் ஒரு பக்கம், பள்ளி ஒரு பக்கம்னு ரெண்டு தோள் சுமக்கும், இங்க பள்ளி சுமக்க வேண்டியதையும் சேத்து பெத்தவங்களே சுமக்கறாங்க. அவங்க எல்லாம் முன்ன பின்ன ஒருத்தர ஒருத்தர் தெரியாதவங்க, ஏதோ பள்ளிக்கூட வாசல்ல பாத்திருந்தா உண்டு. ஜூலை 16க்கு அப்புறம்தான் அவங்க ஒரு சங்கமா ஆனாங்க, கோர்ட்டுக்குப் போனாங்க, நஷ்ட ஈட்டுக்குப் போனாங்க, வருஷா வருஷம் தெருவுல கூடறாங்க. அந்தப் பள்ளிக்கூடத்தோட சமூகம்னு இன்னைக்கு ஏதாச்சும் மிச்சம் இருக்குன்னா அது இவங்கதான்.

அவங்க செய்யற சடங்கையும் கவனிச்சுப் பாருங்க. நம்ம வழக்கத்துல திதி குடுக்கறது பிள்ளை, வாங்கிக்கறது பெத்தவங்க. இங்க அது தலைகீழ். சின்னப் பிள்ளை போனா அதுக்குன்னு வருஷா வருஷம் பெருசா செய்யற முறை நம்மகிட்ட அவ்வளவா இல்ல, மறந்துட்டு அடுத்ததப் பாருன்னுதான் பெரியவங்க சொல்லுவாங்க. அதனால இவங்க பல எடத்துலேர்ந்து எடுத்துக் கோத்து ஒரு முறைய உண்டாக்கியிருக்காங்கன்னு எனக்குத் தோணும். மெழுகுவத்தி, ஃபிளெக்ஸ், மௌன ஊர்வலம், படையல், மோட்ச தீபம் எல்லாம் ஒரே நாள்ல. தேதியும் அப்படித்தான். திதிப்படி பாத்தா நாள் வருஷத்துக்கு வருஷம் மாறும், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு வழக்கம், 94 வீடு ஒண்ணா நிக்க முடியாது. இங்கிலீஷ் தேதி ஜூலை 16ன்னு வச்சதாலதான் ஊரே ஞாபகம் வச்சுக்க முடியுது. மகாமகக் குளம் பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ லட்சக்கணக்குல ஜனம் வந்து முங்கற எடம், அதே படிக்கட்டுல இவங்க வருஷத்துல ஒரு சாயங்காலம் விளக்கு ஏத்திட்டு உக்காந்திருப்பாங்க. பாலக்கரையில நினைவிடம்னு ஒண்ணு கட்டியிருக்காங்க, அங்கயும் அன்னைக்கு மலர் வளையம் வைப்பாங்க, ஆனா போட்டோ கட்டறது என்னவோ அந்தத் தெருவுலதான்.

எடம்ன்றது அவ்ளோ முக்கியமான்னு கேப்பீங்க. உலகத்துல இந்த மாதிரி நடந்த எடத்துல எல்லாம் மொத சண்டை இதுலதான் வந்திருக்கு, அந்தக் கட்டடத்த இடிக்கறதா வைக்கறதா. ஜப்பான்ல 2011 சுனாமியில ஒகாவா ஆரம்பப் பள்ளின்னு இஷினோமாகி ஊர்ல இருந்தது, 108 பிள்ளைங்கள்ல 74 பேரு, வாத்தியாருங்க 10 பேரு போயிட்டாங்க. பூகம்பம் வந்ததுக்கும் தண்ணி வந்ததுக்கும் நடுவுல முக்கா மணி நேரத்துக்கு மேல இருந்துச்சு, பள்ளிக்குப் பின்னாடியே மலை, இருந்தும் பிள்ளைங்கள மைதானத்துலயே நிக்க வச்சுட்டாங்க. பெத்தவங்கள்ல கொஞ்சம் பேரு கேஸு போட்டு 2019-ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் ஜெயிச்சாங்க. ஆனா இடிஞ்சு கெடந்த கட்டடத்தப் பத்தி பெத்தவங்களுக்குள்ளயே ஒத்துப்போகல. தினம் அதப் பாக்க முடியல இடிச்சுடுங்கன்னு ஒரு பக்கம், இடிச்சுட்டா அடுத்தவனுக்கு என்ன பாடம்னு இன்னொரு பக்கம். தப்பிச்ச மாணவர்களும் வாயத் தொறந்தாங்க, எங்க பள்ளிக்கூடம் அது, வைங்கன்னு. 2016-ல வைக்கறதுன்னு முடிவாச்சு. இன்னைக்கு பிள்ளைய இழந்த அப்பா அம்மாவே அங்க வர்றவங்களுக்கு நின்னு விளக்கம் சொல்றாங்க, எந்த வழியா மலை ஏறியிருக்கலாம்னு நடந்தே காட்டறாங்க. ரெண்டு பக்கமும் நியாயம்தான், இதுல யாரும் தப்பு இல்ல.

வேல்ஸ் நாட்டு அபர்ஃபான்ல நேர் எதிர். 1966 அக்டோபர் 21 காலை 9:15, நிலக்கரி சுரங்கத்து கழிவு மலை மாதிரி குவிஞ்சு கெடந்தது மழையில கரைஞ்சு வந்து பான்ட்கிளாஸ் பள்ளிக்கூடத்த மூடிடுச்சு. 116 குழந்தைங்க, 28 பெரியவங்க. மறுநாள்லேர்ந்து டெர்ம் நடுவுல விடற லீவு வேற. அங்க பள்ளிக்கூடத்த வச்சுக்கல, அந்த எடத்துல தோட்டம் போட்டுட்டாங்க, ஊருக்கு மேல கல்லறையில வெள்ளை வளைவு வளைவா வரிசையா நிக்கும். ஆனா நான் அபர்ஃபான சொன்னது அதுக்காக இல்ல, பணத்துக்காக. உலகம் முழுக்க ஜனங்க அனுப்பின நன்கொடை 17 லட்சம் பவுண்டுக்கு மேல சேந்துச்சு, பிள்ளைய இழந்தவங்களுக்காகன்னு வந்த பணம். மிச்சம் இருந்த கழிவு மேட்ட எடுங்கன்னு ஊர்க்காரங்க கெஞ்சினப்ப, அதுக்கு ஆகற செலவுல ஒன்றரை லட்சம் பவுண்ட அரசாங்கம் அந்த நிதியிலேர்ந்தே எடுத்துக்கிச்சு. யோசிச்சுப் பாருங்க, பிள்ளையக் கொன்ன மண்ண அள்றதுக்குப் பிள்ளை பேருல வந்த பணம். 1997-லதான் அதத் திருப்பிக் குடுத்தாங்க, அதுவும் வட்டி இல்லாம, அப்புறம் 2007-ல வேல்ஸ் அரசு இன்னும் பெரிய தொகையா குடுத்துச்சு. நாப்பது வருஷம். அந்த ஊர்ல அஞ்சலின்னு கூடினப்ப எல்லாம் இதுவும் கூடவே பேசப்பட்டுச்சு, ஏன்னா அங்கயும் பெத்தவங்களுக்கு அஞ்சலியும் கணக்குக் கேக்கறதும் ஒண்ணுதான்.

நம்ம மொழியிலயே பாருங்க, இதுக்கு எத்தன சொல்லு. தமிழ்நாட்டுல நினைவு நாள், கண்ணீர் அஞ்சலி. இலங்கையில நினைவேந்தல்னு சொல்லுவாங்க, ஏந்தறதுன்றதுல கையில வச்சுப் புடிச்சுக்கிட்டு நிக்கறது தெரியுது, எனக்கு அந்தச் சொல்லு ரொம்பப் புடிக்கும். வடமராட்சி கிழக்குல நாகர்கோவில் மகா வித்தியாலயம்னு ஒரு பள்ளிக்கூடம் (நம்ம கன்னியாகுமரி நாகர்கோவில் இல்ல, யாழ்ப்பாணத்துப் பக்கம் அதே பேருல), 1995 செப்டம்பர் 22 அன்னைக்கு விமானம் குண்டு போட்டு இருபதுக்கு மேல மாணவர்கள் செத்தாங்க. அங்க வருஷா வருஷம் பள்ளிக்கூடத்துலயே நினைவேந்தல் நடக்குது. இப்ப அங்க படிக்கற பிள்ளைங்க, 1995-ல அவங்க அப்பா அம்மாவே சின்னப் பிள்ளைங்க, யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு வந்து பூ வைக்கறாங்க. கும்பகோணத்துக்கும் அதுக்கும் வித்தியாசம் இதுதான். அங்க பஸ் இன்னும் ஓடுது, புதுசா ஏறறவங்ககிட்ட பழைய கதைய சொல்ல ஆளு இருக்கு.

கோர்ட்டு கதையையும் சேத்துதான் பாக்கணும், ஏன்னா கும்பகோணத்துல நினைவு நாள் பத்து வருஷம் கோர்ட்டு காலண்டரோடதான் ஓடுச்சு. நீதிபதி சம்பத் கமிஷன் போட்டாங்க. தமிழ்நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்கள்ல கீத்துக் கொட்டகைய எடுக்கச் சொல்லி உத்தரவாச்சு, நீங்க 2004-க்கு முன்னாடி கீத்துக் கொட்டகையில படிச்சவங்களா இருந்தா அது எப்ப ஓடாவும் ஷீட்டாவும் மாறுச்சுன்னு ஞாபகம் வரும், அதுக்குக் காரணம் இந்த 94 பேரு. 2014 ஜூலை 30 அன்னைக்குத்தான் தஞ்சாவூர் கோர்ட்டுல தீர்ப்பு, 10 பேருக்குத் தண்டனை, பள்ளி நிறுவனருக்கு ஆயுள், 11 பேரு விடுதலை. 2017-ல ஹைகோர்ட் அதையும் குறைச்சுடுச்சு, இன்னும் சில பேரை விட்டுடுச்சு. பத்தாவது வருஷ அஞ்சலி முடிஞ்சு ரெண்டே வாரத்துல தீர்ப்புன்னு ஒரு கணக்கு, மூணு வருஷம் கழிச்சு அதுவும் கரைஞ்சு போச்சுன்னு ஒரு கணக்கு. கோர்ட்டுல போராடிக்கிட்டு இருக்கறப்ப கூட்டம் தானா சேரும், வாய்தா தேதியே ஆளுங்கள ஒண்ணா வச்சிருக்கும், அது முடிஞ்சப்புறம் என்ன?

இதுல பல பேருக்குத் தெரியாத ஒண்ணு. கும்பகோணத்த வச்சு சுப்ரீம் கோர்ட்டுல அவினாஷ் மெஹ்ரோத்ரான்னு ஒருத்தர் பொதுநல வழக்கு போட்டாரு, 2009 ஏப்ரல் 13-ல தீர்ப்பு. கல்வி உரிமைன்னா பாதுகாப்பான பள்ளிக்கூடத்துல படிக்கற உரிமையும் அதுக்குள்ள அடக்கம்னு சொல்லி, நாடு முழுக்க எல்லாப் பள்ளியிலயும் ஆறு மாசத்துக்குள்ள தீயணைப்புக் கருவி வைக்கணும், கட்டடம் தேசிய கட்டட விதிப்படி இருக்கணும், வாத்தியாருங்களுக்குப் பயிற்சி குடுக்கணும்னு உத்தரவு. இன்னைக்கு எந்த ஊர் ஸ்கூலுக்குப் போனாலும் வராண்டாவுல செவப்பு சிலிண்டர் ஒண்ணு தொங்குதுல்ல, அதுல இந்தத் தீர்ப்புக்கு ஒரு பங்கு இருக்கு. அதுல எந்தப் பேரும் எழுதியிருக்காது, டியூப்லைட்டு மாதிரி இல்ல. ஆனா என்னக் கேட்டா அந்த 94 பேர் நினைவாக வச்ச உபயம் அதுதான்.

பெத்தவங்க வருஷா வருஷம் ஒரு கோரிக்கை வைக்கறாங்க, ஜூலை 16-ஐ குழந்தைகள் பாதுகாப்பு தினமா அறிவிங்கன்னு. ஏன் இத இவ்ளோ புடிவாதமா கேக்கறாங்கன்னு எனக்கு ரொம்ப நாள் புரியல, இன்னொரு தினமா, ஏற்கனவே காலண்டர்ல தினத்துக்குக் கொறச்சலான்னு நினைச்சிருக்கேன். இப்ப புரியுது. அவங்களுக்கு வயசாகுது. 2004-ல முப்பதுல இருந்த அம்மா இன்னைக்கு அம்பது தாண்டியாச்சு, காசிராமன் தெருவுலேர்ந்து குளத்துக்கு விளக்கத் தூக்கிட்டு நடக்க இன்னும் எத்தன வருஷம் முடியும். அவங்க கேக்கறது அந்தத் தேதிய மத்த பள்ளிக்கூடங்க எடுத்துக்கணும்னு, ஆளு மாறினாலும் தேதி மாறாதுல்ல. அவங்க பிள்ளைங்க படிச்ச பள்ளிக்கூடம் செய்ய முடியாதத ஊர்ல இருக்கற மத்த பள்ளிக்கூடமெல்லாம் செய்யட்டும்னு.

அப்படி ஒரு நாள் வந்தா பிரேயர்ல ரெண்டு நிமிஷம் மௌனம்னு முடிச்சுடுவாங்களோன்னுதான் எனக்கு பயம். மௌனம் வேணாம், அன்னைக்கு மணியடிச்சு எல்லாக் கிளாஸையும் மைதானத்துக்கு எறக்குங்க, எத்தன நிமிஷம் ஆகுதுன்னு பாருங்க, சிலிண்டர்ல ஒட்டின ஸ்டிக்கர்ல காலாவதி தேதியப் பாருங்க, பின்பக்கக் கேட்டத் தொறந்து பாருங்க. எங்க தெரு முனையில ஒரு ஸ்கூல் இருக்கு, பேரு வேணாம். போன வாரம் பின்பக்கமாப் போனப்ப பாத்தேன், கேட்டுல பூட்டு தொங்குது, துரு ஏறி பூட்டும் சங்கிலியும் ஒண்ணா ஒட்டிப் போயிருக்கு, அதுமேல யாரோ சைக்கிள சாய்ச்சு வச்சிருக்காங்க.